கோட்டை வாசலில் வண்டிக் காவல்

பிரான்சில் ஐந்து கோட்டைகள் பார்த்துவிட்டு வந்ததாக மல்லேஸ்வரத்தில் காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் ஒன்றுக்குள்ளும் நான் போகவில்லை. ஐந்துக்கும் வெளியே வண்டிக்குக் காவல் இருந்துவிட்டு வந்தேன்.

இந்த வேலையில் எனக்கு அனுபவம் அதிகம். கல்யாணமான புதிதில் நாங்கள் கோயிலுக்குள் போய்த் திரும்புவதற்குள் போலீஸ் டோயிங்காரர்கள் எங்கள் ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து எங்கே போனாலும் மனைவி உள்ளே, நான் வெளியே. பேலூர், மைசூர் அரண்மனை எல்லாமே அப்படித்தான். பார்த்ததையெல்லாம் வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வருவாள். அரண்மனையின் கண்ணாடிக் கூரையில் இருக்கும் மயில்களைப் பற்றி மறுநாள் ஆபீசில், நானே அண்ணாந்து பார்த்த மாதிரி அளந்துவிடுவேன்.

சமையல், படுக்கை எல்லாம் வேனுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பிரான்சில் ஊர் ஊராகப் போவது அவளுடைய திட்டம். எந்தக் கோட்டை, எந்தப் பழைய ஊர் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். விசா வந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்குத் திரும்பவில்லை. சில மாதம் கழித்து நான் மட்டும் கிளம்பினேன், குக்கரோடும் அவள் அரைத்து வைத்திருந்த ரசப்பொடியோடும்.

முதல் கோட்டை ஆற்றங்கரையில் இருந்தது. புல்வெளியில் வேனை நிறுத்தினேன். அங்கே அதைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஈ காக்கா கிடையாது. ஆனாலும் கால் உள்ளே போகவில்லை. பழக்கதோஷத்தில் வேன் படியில் உட்கார்ந்து ரசம் வைத்தேன். ஒவ்வொரு கும்பல் வெளியே வரும்போதும் நிமிர்ந்து பார்த்தேன்.

சாயங்காலம் காவலாளி வாசலைப் பூட்டிவிட்டு வந்து, கிளம்பவில்லையா என்று கேட்டார். என் மனைவி உள்ளே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. பாவம், மனுஷன் பதறிப்போய்ப் பூட்டைத் திறந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மேல்மாடி ஜன்னல்களில் வெளிச்சம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. யாரோ அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் போனதிலிருந்து எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது அப்போது மட்டும்தான்.

திரும்பி வந்தவர் மூச்சு வாங்க, ஒருவரும் இல்லை என்று கையை விரித்தார். எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்டேன். மற்ற கோட்டைகளில் வாசல் பூட்டுவதற்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும், அங்கேயே ஆஸ்டின் டவுனில் இருக்கும் மச்சினியிடம் இதையெல்லாம் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். என் மனைவியின் தங்கை. நான் எது சொன்னாலும் சிரிக்கிறவள். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. உள்ளே போய்ப் பார்ப்பதைவிட உன் அக்கா வாயால் கேட்பதுதான் எனக்கு ருசி என்றேன்.

"அவ ஒண்ணும் ஆசையா சொல்லல மாமா," என்றாள். "பேச்ச நிறுத்தினா, தனியா பாத்துட்டு வந்தத நெனச்சு அழுதுடுவேன்னுதான் வழியெல்லாம் பேசிட்டே வருவா."