ஊட்டுகிற கை

"ஏலே மாப்பிள, சீதனம் பேசுனாத்தான் வாயத் திறப்பியோ?" என்று தங்கத்தாய் ரசச்சோற்றை விரலால் மசித்து நீட்டுவாள். எஸ்றா திறப்பான். அவன் திறந்தால் மற்ற மூன்று பிள்ளைகளின் வாயும் திறக்கும். ஒரே தட்டு, ஒரே கை. போன பங்குனி வரை இப்படித்தான்.

உப்பளத்துக்கும், புதுத் துறைமுகத்தில் கல் சுமக்கவும் போகிற பெண்கள் விடியுமுன்னே பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். அவளுக்கென்று பிள்ளை இல்லை. காதில் பாம்படம் ஆடும். அதைப் பிடித்து இழுக்காத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. "இழு, இழு, காது உனக்குத்தான்" என்பாள். வேதக்கோயிலில் எனக்கு முன்வரிசையில் உட்காருவாள். ஜெபத்தில் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் பாதிரி ஐயர் ஆசீர்வாதமே சொல்லிவிடுவார்.

எங்கள் பக்கம் கிணறெல்லாம் உப்பு. நல்ல தண்ணீர் வண்டியில் வந்தால்தான் உண்டு. தங்கத்தாய் அதை ஒரு சொட்டு வீணாக்க மாட்டாள். வெளிக்குப் போய்விட்டு வந்தால் கையில் மண்ணைத் தேய்த்து, வாசல் சட்டியில் முக்கி எடுப்பாள். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைவரை அதுதான். "நல்ல தண்ணி பிள்ளைக குடிக்க. கை களுவவா கர்த்தர் அனுப்புதாரு?"

கிருபையின் மகன் எஸ்றாவுக்குத்தான் முதலில் வயிற்றால் போனது. சளியும் ரத்தமுமாகப் போனது. "பல்லு மொளைக்குதுல்லா, போவத்தான் செய்யும்" என்றாள் தங்கத்தாய். நாங்களும் அதை நம்பி ஜெபம்பண்ணிக்கொண்டு இருந்துவிட்டோம். பிள்ளையின் கண் குழி விழுந்த பிறகுதான் கிருபை அவனைத் தூக்கிக்கொண்டு தர்ம ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம், அமீபா என்றார் டாக்டர். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்களும் தீப்பெட்டியில் மலம் கொண்டுவர வேண்டும் என்றார். கிருபை வந்து சொன்னதும் தங்கத்தாய் சிரித்தாள். "ஏளா, அதுல பேரு வேற எளுதி ஒட்டணுமோ?" என்றாள். ஆனாலும் மறுநாள் முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். துணைக்கு நான் போனேன்.

"பூச்சி உங்ககிட்டயும் இருக்குதும்மா. உங்க கை வழியாத்தான் பிள்ளைக்குப் போயிருக்கணும்" என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார்.

"எனக்கு ஒரு நாளும் வயிறு வலிச்சதில்லையே அய்யா."

"சில பேருக்கு வலிக்காது. வெளியேயும் தெரியாது."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை வெளியே எடுக்கவில்லை. வழியில் தெரிந்தவர்கள் பேசினார்கள். தலையை மட்டும் ஆட்டினாள்.

எஸ்றா பிழைத்தான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தங்கத்தாயும் கசப்பு மாத்திரைகளை விழுங்கித் தீர்த்தாள். ஆனால் பிள்ளைகள் வரவில்லை. கிருபை எஸ்றாவை உப்பளத்துக்கே தூக்கிப் போய், வரப்பில் சேலையை விரித்துக் கிடத்தினாள். வெயிலில் அவன் முகமெல்லாம் கொப்புளம். ஒருநாள் விடியற்காலம் அவனைத் தூக்கிக்கொண்டு தங்கத்தாயின் வாசலில் வந்து நின்றாள்.

"அத்தே, ஒங்ககிட்டயே விடுதேன்."

"வேண்டாம் ஏளா. எனக்கே என்மேல நம்பிக்கையில்ல."

"அப்ப நான் யார்கிட்ட விட? கடல்கிட்டயா?"

இப்போது எஸ்றாவுக்குக் கரண்டியில்தான் சோறு. நல்ல தண்ணீரும் சோப்பும் வாசலிலேயே இருக்கின்றன. விடியுமுன் கிருபை வந்து பிள்ளையை நீட்டுகிறாள். தங்கத்தாய் உடனே வாங்குவதில்லை. ஈரம் சொட்டும் இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரிக்கிறாள், புரட்டிக் காட்டுகிறாள். கிருபைக்குக் கூச்சம்; தெருவைப் பார்க்கிறாள்.

"பாரு ஏளா" என்கிறாள் தங்கத்தாய். கிருபை பார்க்கும்வரை அந்தக் கைகள் அப்படியே நிற்கின்றன.