நன்மரணச் செபம் சொல்லாத வீடு

எங்கள் அப்பா நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்புக் காவலரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கத்தோலிக்கக் கோயிலில் செபமும் மறைக்கல்வியும் சொல்லும் உபதேசியார் ஆனார். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் யாராவது சாகக் கிடந்தால், பங்குச் சாமியார் வந்து சேரும் முன்பே அப்பா போய்த் தலைமாட்டில் நின்று நன்மரணச் செபம் சொல்வார். அந்தச் சம்பளத்தில் எங்களைப் படிக்க வைத்த பாடு அம்மாவுக்குத்தான் தெரியும். அப்பா யாரையும் கடிந்து பேசியவர் அல்லர்.

அப்பாவுக்கு ஈரலில் கட்டி, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே முடியும் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலி நிவாரணச் சிகிச்சை நர்ஸ் வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்தார். சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்தபோது அப்பா அமைதியாக ஏற்றுக்கொண்டார். ஆனால் மாலையில் பங்கு மக்கள் கூடி நன்மரணச் செபத்தைத் தொடங்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. உபதேசியாரே விசுவாசம் இல்லாமல் போகிறாரோ என்று அம்மா ஒடிந்து போனார். மூத்த மகளான எனக்கும் அதே பயம். ஊர் என்ன சொல்லுமோ என்ற கவலையும் கூடவே இருந்தது.

நர்ஸிடம் சொன்னோம். அவர் எங்களுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவிடமே கேட்டார்.

"ஐயா, வலிக்கு மருந்து தந்திருக்கேன். மனசுக்கு என்ன வேணும்?"

அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"அம்புட்டுப் பேரு தலைமாட்டுல நின்னு செபம் சொன்னேன் தாயி. உங்களுக்கு என்ன வேணும்னு ஒருத்தர்கிட்டக்கூடக் கேட்டதில்ல. இப்ப நான் கிடக்கும்போதுதான் அது தெரியுது. பக்கத்துல ஆளு இருந்தாப் போதும். செபத்த அவுக மனசுக்குள்ள சொல்லட்டும்."

வந்தவர்களிடம் இதை நானே சொன்னேன். சிலர் மனம் வருந்தி வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

ஒரு மத்தியானம், அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது அப்பாவின் மூச்சு நின்றது. நான் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டேன். ஓராண்டு ஆகிறது, இன்னும் வரவில்லை.

நர்ஸுக்கும், சாமியாருக்கும், வாய் திறக்காமல் வந்து உட்கார்ந்தவர்களுக்கும், வருத்தத்தோடு விலகியிருந்தும் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி நேரத்தில் செபம் சொன்னீர்களா என்று அடக்கத்தன்று பலர் கேட்டீர்கள். அதற்கு இன்று பதில் சொல்கிறேன். செபம் சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டோம். அவர் சொன்னதைக் கொடுத்தோம்.