ஓஸ்மோ தன்னையே பாராட்டிக்கொள்ளப் பழகியது

ஈசல்மி நகரில் பேருந்து ஓட்டும் ஓஸ்மோ பயணிகளிடம் பேசமாட்டார், தலையாட்டலோடு சரி. தன்னோடு மட்டும் ஓயாமல் பேசுவார். அத்தனையும் வசவு. சாவி கீழே விழுந்தால் "கழுதை". பனியில் கால் சறுக்கினால் "கிழட்டுக் கழுதை". கடுங்குளிரில் வண்டி உடனே கிளம்பிவிட்டால்கூட, "எதையோ மறந்துட்டு வந்திருக்கடா, மடையா."

ரத்த அழுத்தம் ஏறியது. இறங்காவிட்டால் ஓட்டுநர் உரிமம் கிடையாது என்றார் மருத்துவர். உரிமம் போனால் ஓஸ்மோ நாள் முழுக்க வீட்டில்தான். இதைக் கேட்டு அவரைவிட அதிகம் நடுங்கியவர் மனைவி இர்மெலி.

சுகாதார நிலையத்துச் செவிலி வென்லா, தலைநகரில் படித்துவிட்டு வந்த சின்னப் பெண். "மாத்திரை மட்டும் போதாது. நீங்க திட்டுறத உங்க உடம்பு கேட்டுட்டே இருக்கு, பதறுது. தினமும் கண்ணாடியப் பாத்து 'நான் அருமையான மனுஷன்'னு சொல்லுங்க" என்றாள்.

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

எங்கள் ஊரில் தன்னைத் தானே மெச்சிக்கொள்வது, கோட்டு போட்டுக்கொண்டு சவுனா என்னும் சூடான நீராவி அறையில் உட்காருவதைப் போல. ஓஸ்மோ குளியலறையைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடி முன் நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"என்னய்யா, அருமையான மனுஷன் வெளிய வருவாரா? காப்பி ஆறுது" என்றார் இர்மெலி வெளியிலிருந்து.

"வார்த்தை வரமாட்டேங்குது."

"எப்படி வரும்? பொய் சொல்லிப் பழக்கமில்லையே உனக்கு."

கடைசியில் தன்னோடு பேரம் பேசி, "மோசமில்ல" என்பதில் வந்து நின்றார். கல்யாணத்தன்று மணப்பெண்ணிடம்கூட எங்கள் ஆண்கள் அதற்கு மேல் சொல்வதில்லை. வண்டியை நடைமேடையை ஒட்டி நிறுத்தினால் "மோசமில்ல." முன்கோபக்காரப் பயணிக்கு வழிவிட்டால் "மோசமில்ல." சில வாரங்களில் தூக்கம் வந்தது. காதுவரை ஏறியிருந்த தோள்கள் இறங்கின.

அடுத்த பரிசோதனைக்கு இர்மெலியும் கூடவே போனார். வென்லா ஓஸ்மோவின் கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "ஐயோ ஓஸ்மோ, முகமே மாறிப்போச்சே! அற்புதமான ஆளு நீங்க! எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?" என்றாள்.

ஓஸ்மோவின் கழுத்து சிவந்தது. வியர்த்தது. கருவியில் எண் பழைய உயரத்துக்கே எகிறியது.

"ஏம்மா, ஆளக் கொல்லப் பாக்குறியா?" இர்மெலி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வாய மூடிட்டு இன்னொரு தடவ அள."

மூவரும் ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். வென்லாவுக்குத்தான் அது பெரிய சிரமம். பட்டை மறுபடி இறுகித் தளர்ந்தது. உரிமத்துக்குப் போதுமான அளவுக்கு எண் இறங்கியிருந்தது.

"அப்பாடா" என்று உட்கார்ந்தார் இர்மெலி. "நாளைக்குக் காலையிலயே வேலைக்குப் போயிடுய்யா."