ஆலங்குடிச் சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு

காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டையில் பஸ் ஏறினோம். ஆலங்குடி இருபது கிலோமீட்டர். டிக்கெட் பதினெட்டு ரூபாய். உடன் வந்தவர் வால்டர், அமெரிக்கர், எழுபத்திரண்டு வயது. நாற்பது ஆண்டுகளாகத் தாளில் நீர்வண்ணமும், பள்ளிக்கூடம், தபாலாபீஸ் என்று சுவர்களில் ஆளுயர ஓவியங்களும் தீட்டியவர். அவர் வரைந்த முதல் சுவரைச் சொந்த ஊரிலேயே வெள்ளையடித்து விட்டார்களாம். கையும் நடுங்கத் தொடங்கியிருந்தது.

"இதுதான் என் கடைசிச் சுவர். நான் நல்ல ஓவியன்தானா என்று இதில் தெரிந்துவிடும்" என்றார். நான் அவருக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். வழியில் என்னையும் ஒரு சின்னத் தாளில் வரைந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். படத்தை அவர் காட்டவில்லை.

படம் வரையச் சுவர் கொடுத்தவர் ஆலங்குடி செல்லையா. அவருடைய கடலை மில் சுவர் ரோட்டைப் பார்த்தது. எதிரே கட்டியிருந்த அவருடைய பசுவையே வால்டர் வரைந்தார். மூன்று நாள் வேலை. போகிற வருகிற சனமெல்லாம் நின்று பார்த்தது.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்குப் போனால், சுவரில் பசுவின் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு. வால்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ன தப்பு செய்தேன் என்று கேளுங்கள்" என்றார். செல்லையாவைக் கூப்பிட்டேன்.

செல்லையா சாவகாசமாக வந்தார். "நாந்தாங்க வச்சேன். பஸ்ஸுல போறவன் வாறவன் பூராம் எட்டிப் பாக்குறான். மாட்டுக்குக் கண்ணு பட்றாதா?"

"படத்தைக் கெடுத்துட்டீங்கன்னு நெனக்கிறாருங்க."

"கெடுக்கவா? அங்கிட்டு பாருங்க. தையக்கடை போர்டுல ஒரு பொம்பளை பத்து வருசமா நிக்கிது. அதுக்கு எவனாச்சும் பொட்டு வச்சானா? நல்லா இருந்தாத்தான வைக்கணும்."

மொழிபெயர்த்தேன். வால்டர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தூரிகையை எடுத்து, கோணலாக இருந்த பொட்டை வட்டமாக்கினார்.

மாலை நான்கு மணிக்கு ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் என் படத்தைக் கையில் கொடுத்தார். நெற்றி, கன்னம், காதோரம் எல்லாம் தேடினேன். "வால்டர், எதையாவது மறந்துவிட்டீர்களா?"

படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இல்லை, இதற்குத் தேவைப்படாது" என்றார்.

புதுக்கோட்டை வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளின் கண்மையை எடுத்துப் படத்துக்கு நானே ஒரு பொட்டு வைத்தேன்.