சோம்பேறி என்று நாங்கள் சொன்னவள்

என் தங்கைக்குச் சிறுவயதிலிருந்தே இமைகள் பாதி மூடியபடி இருக்கும். தூங்குமூஞ்சி என்போம். பள்ளிக்கூடம் போகிற வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் சோம்பேறி என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. அந்தப் பெயரை அதிகம் சொன்னவள் நான்தான். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை ஒருத்தி தலையில் விழுந்தால் ஆத்திரம் வராதா?

கம்பம் ஊரைத் தாண்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம். அப்பா இல்லை, அம்மாவும் நாங்கள் இருவரும்தான் பார்த்தோம். திராட்சை வேலை முழுக்கக் கையைத் தூக்கியே செய்கிற வேலை. பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று, ஒரு கையால் குலையைத் தாங்கி மறு கையால் காம்பை வெட்ட வேண்டும். அவள் பத்துக் குலை வெட்டுவாள். பிறகு கை தானாக இறங்கிவிடும். கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்து, "தோள்பட்ட எரியுதுக்கா" என்பாள். எனக்கும்தான் எரிந்தது. எல்லாருக்கும் எரிகிற எரிச்சல்தானே அது என்று நினைத்தேன்.

எனக்கு உள்ளூரிலேயே கல்யாணமாகி ஒரு மகள் பிறந்த பிறகு, தங்கையைத் தேவாரம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தோம். இரண்டு வருடத்தில் மாப்பிள்ளையே கொண்டுவந்து விட்டார். சண்டை போடவில்லை. வாசலில் நின்றபடி, "ஒரு கொடம் தண்ணி தூக்குனா ஒரு மணி நேரம் படுக்குறா அத்த. எங்கம்மா எத்தன நாளைக்குத்தான் பொறுத்துக்கிருவாக?" என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார். அவர் பக்கம்தான் நியாயம் என்று எங்களுக்கே தோன்றியது.

அடுத்த அறுவடையின்போது லாரி வந்து காத்துக்கொண்டிருந்தது. ஆள் பற்றாக்குறை. அவள் வழக்கம்போல உட்கார்ந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"எந்திரிடி! கையத் தூக்கு. உக்காந்து திங்கத்தான் பொறந்தியா?"

தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு ஒரு வரிசை முழுக்க வெட்டினாள். திட்டினால்தான் இவளுக்கு உறைக்கிறது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வரிசை முடிகிற இடத்தில் வாந்தி எடுத்து, அப்படியே மடங்கி விழுந்தாள். ஓடிவந்தவளைப் போல மூச்சு இரைத்தது. தேனி ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, அமிலம் மிகவும் கூடியிருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். மதுரையில் தொடையிலிருந்து துளி சதை எடுத்தார்கள். ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பல வாரங்கள் ஆயின.

அந்த டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"சாப்பிடுற சாப்பாட்டச் சக்தியா மாத்துறதுக்கு ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூத்துக்கணக்குல சின்னச் சின்ன அடுப்பு இருக்கு. இவங்களுக்கு அதுல நெறைய பழுது. சக்தி பத்தலன்னு செல்லுக்கே தெரியும். தெரிஞ்சதும் அடுப்ப இன்னும் பெருக்கும். ஆனா பெருகுறதும் பழுதானதுதான். சரியா எரியாததால அமிலம் சேருது. அதுதான் இவங்களுக்கு எரியுது."

"எப்படி வந்துச்சு?" என்றேன்.

"இது அம்மா வழியாத்தான் வரும். ஒரே வயித்துல பொறந்தாலும் எல்லாருக்கும் ஒரே அளவு வராது. உங்களுக்குக் குறைவா வந்திருக்கலாம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அப்ப ஏங்கிட்ட இருந்துதான் போச்சா?"

உங்கள் தப்பு இல்லை என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். அம்மா காதில் அது ஏறவில்லை.

தங்கை வேறொன்று கேட்டாள். "அப்ப நான் சோம்பேறி இல்லியா டாக்டர்?"

"இல்லம்மா. இருந்த சக்திக்கு நீங்க செஞ்சது ரொம்ப அதிகம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை; பரீட்சையில் பாஸானவள் சிரிப்பது மாதிரி. நான் தரையைப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அந்த ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துத் தேவாரத்தில் இருந்த புருஷனுக்கு அனுப்பினாள். பஸ் தேனி வரும்வரை போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். "பாத்துட்டாருக்கா" என்றாள். பதில் வரவில்லை.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. சில மாத்திரைகள், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிட வேண்டும், பட்டினி கூடாது, களைக்கும்வரை எதுவும் செய்யக் கூடாது. அம்மா அவளை ஒரு டம்ளர்கூடத் தூக்கவிடவில்லை. தலை வாரும்போது பாதியில் அவள் கை இறங்கும். சீப்பை வாங்கி நான் வாரிவிடுவேன். அப்படி ஒருநாள், அவள் பின்னால் நின்றதால் தைரியம் வந்து, "அன்னைக்குத் தோட்டத்துல ஒன்னய..." என்று ஆரம்பித்தேன்.

"விடுக்கா. ஒனக்கு எப்படித் தெரியும்? நானே என்னைய அப்படித்தான நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மிச்சத் தலையையும் வாரிப் பின்னிவிட்டேன். நான் திட்டியதை அவள் மன்னித்திருக்கலாம். அத்தனை வருடம் அவளும் தன்னை அதே சொல்லால் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நான் எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

ரிப்போர்ட் வந்த பிறகு பதினாலு மாதம் இருந்தாள். இதயமும் சதைதான், அதற்கும் சக்தி வேண்டும் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், இரண்டு வாய் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். டீ குடிக்க எழுப்பப் போன அம்மா திரும்பி வரவே இல்லை. போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இங்கன சூடு இருக்கு, இங்கன சூடு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள்.

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. என் வழியாக அவளுக்கும் போயிருக்குமோ என்று, போன மாதம் அவளை மதுரைக்குக் கூட்டிப்போய் அதே சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அம்மா கூட வரவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல சேதியா இருந்தா சொல்லு ஆத்தா. இல்லாட்டி எங்கிட்டச் சொல்லாத" என்றாள்.

முடிவு இன்னும் வரவில்லை.