அடுத்த லிஸ்ட்டில் வரும் என்றேன்

புனேக்குப் பக்கத்தில், சாகண் ஆலையில் எச்.ஆர். ஆபீசராகச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லித்தந்தது 'பிரேக்'. கான்ட்ராக்ட் ஆட்களை ஏழு மாதம் வேலை வாங்கி, வீட்டுக்கு அனுப்பி, சில வாரம் கழித்துப் புது டோக்கன் நம்பரில் திரும்ப எடுப்போம். தொடர்ந்து வேலை பார்த்தேன், பர்மனென்ட் பண்ணு என்று யாரும் கேட்க முடியாது. பெரிய சாமர்த்தியம் என்று நானும் நினைத்தேன்.

பர்மனென்ட் ஆனவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு வருவார்கள், அடுத்த வருஷமே குழந்தை பிறந்ததென்று பேடா டப்பாவோடு வருவார்கள். கான்ட்ராக்ட் லைனிலிருந்து இனிப்பு வருவது அபூர்வம். புனேயிலேயே பிறந்து வளர்ந்த சூப்பர்வைசர் மணி சொல்வார்: "இல்லாதவங்க வீட்லதான் பிள்ளைங்க ஜாஸ்தின்னு சொல்வாங்க. இங்க ஏக்தம் உல்டா சார், அப்படியே தலைகீழ்." நானும் சேர்ந்து சிரித்தேன்.

வயரிங் லைனில் மல்லிகா என்று ஒரு திண்டுக்கல் பெண். சேரும்போது முப்பது வயது. கணவர் பக்கத்து ஊரான தளேகாவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், அவரும் கான்ட்ராக்ட்தான். ஒவ்வொரு பிரேக்குக்கு முன்னாலும் என் மேஜைக்கு வந்து நிற்பாள்.

"பர்மனென்ட் லிஸ்ட்ல எம் பேரு வருமா சார்? இப்ப பிள்ளை உண்டானா பிரேக் முடிஞ்சு கூப்பிட மாட்டாங்கன்னு அவரு பயப்படுறாரு."

"அடுத்த லிஸ்ட்ல கண்டிப்பா வரும்மா. கொஞ்சம் பொறுத்துக்க."

எனக்கு என்ன தெரியும்? லிஸ்ட் ஹெட் ஆபீசில் தயாராகும், எனக்குத் தபாலில்தான் வரும். அவள் முகம் வாடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் சொன்னேன். லைனிலேயே வேகமான கை அவளுடையது, போய்விடக் கூடாது என்பதும் உண்மை. பதினோரு வருஷம் இதையே சொன்னேன்.

கடைசியில் பெயர் வந்தது. ஆர்டரில் கையெழுத்து வாங்கிவிட்டு இன்சூரன்ஸ் ஃபாரத்தை நானே நிரப்பினேன். குழந்தைகள் கட்டம் வந்ததும், "இது காலியா இருக்கட்டும்மா, பொறந்ததும் சேத்துக்கலாம்" என்றேன்.

"கோடு போட்டுருங்க சார். இனிமே வாய்ப்பில்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

குரலில் கோபமே இல்லை. கோடு போட்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். முதல் வருஷமே நான் அப்படிச் சொல்லியிருந்தால், மல்லிகா என்னைத் திட்டிக்கொண்டாவது ஒரு பிள்ளையைப் பெற்றிருப்பாள்.