முதல் பிடி

கடைசிக் கணவாயின் உச்சியில் கைபேசிக்கு உயிர் வந்தது. ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த சிக்னல், ஒற்றைக் கோடாக எட்டிப் பார்த்தது. கூட வந்தவர்கள் பனிமலைகளுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இனி ஏற்றம் கிடையாது, இறங்கினால் சாலை, சாலையில் டீக்கடை என்று எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். நான் மூச்சு வாங்கிக்கொண்டே ஊரிலிருக்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். அறுத்தாச்சா என்று கேட்டேன்.

இல்லை என்றார். முந்தாநாள் பிடித்த மழை விடவேயில்லையாம்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வயல். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு அறுத்த அதே நிலத்தை, அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தார். அவருக்கு வேறு வருமானம் கிடையாது. அறுவடை இயந்திரம் உள்ளே இறங்குவதற்கு முன்னால் வீட்டுப் பெண் ஒருத்தி கிழக்கே பார்த்து நின்று, அரிவாளால் முதல் பிடி அறுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்தக் கை என் கை. கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகும், ஒரு பிடி நெல் அறுப்பதற்காக ரயிலேறி வந்துவிட்டுத் திரும்புவேன். ஒரே ஒரு வருடம், நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது, அண்ணி அறுத்தார். களத்தில் கொட்டிய நெல்லை வெள்ளம் கொண்டுபோனது. அதற்கப்புறம் என் கைக்கு மவுசு கூடிவிட்டது. ஆபீசில் இதைச் சொல்லிச் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும், யாருக்குத்தான் இருக்காது?

இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்ததால் குறுவை அறுப்பும் தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டுத்தான் மலைக்கு டிக்கெட் எடுத்தேன். பயிருக்கு என் டிக்கெட்டைப் பற்றி என்ன அக்கறை? அது பாட்டுக்கு முற்றிவிட்டது.

"பக்கத்து வயலுக்கு டயர் வச்ச அறுப்பு வண்டி வந்துச்சு. நீ வந்துரட்டும்னு நான்தான் வேணாம்னுட்டேன்," என்றார் அண்ணன். "இப்ப வயல்ல தண்ணி நிக்குது. டயர் வண்டி இறங்காது. மத்தியானம் சேத்துல இறங்குற பெல்ட் வண்டி ஒண்ணு இந்தப் பக்கம் வருதாம். என்ன செய்யட்டும்?"

"எனக்காக நிறுத்தாதீங்கண்ணே. அண்ணியை விட்டு..."

அதற்குள் சிக்னல் போய்விட்டது. எவ்வளவு தூரம் அவர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு பாறை பாறையாக ஏறிப் பார்த்தேன். வழிகாட்டி வந்து, மேகம் கூடுகிறது, கிளம்ப வேண்டும் என்று நயமாகச் சொன்னார். அவரோடு சண்டை போட முடியுமா? இறங்க ஆரம்பித்தேன்.

அன்றைய இறக்கம் முழுவதும் ஓர் ஓடை எங்கள் கூடவே வந்தது. யாரும் மடை திறக்காமல், யாரும் மண்வெட்டி பிடிக்காமல், அது கீழே கீழே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. என் முகத்தைப் பார்த்து வழிகாட்டி என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். வயலில் தண்ணீர் நின்றால் பள்ளத்துப் பக்கம் வெட்டிவிட வேண்டியதுதானே என்றார். எங்கள் ஊரில் பள்ளமும் கிடையாது, மேடும் கிடையாது, வடிகால் நிரம்பிவிட்டால் தண்ணீருக்குப் போக்கிடமே இல்லை என்றேன். மேடே இல்லாத ஊரை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாவம், எனக்காக உச்சுக் கொட்டினார்.

முழங்கால் இரண்டும் கழன்றுவிடும்போல் வலித்தது. வேகமாக இறங்கி மட்டும் என்ன ஆகப்போகிறது? மத்தியானம் என்னைக் கடந்து போனது. வண்டி வந்திருக்கும், அண்ணி அறுத்திருப்பார், இந்நேரம் நெல் டிராக்டரில் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் சாலைக்கு வந்து சேர்ந்தோம். மற்றவர்கள் டீக்கு ஓடினார்கள். நான் மூட்டையைக்கூட இறக்காமல் கூப்பிட்டேன்.

"வண்டி வரப்புல வந்து நின்னுச்சு," என்றார் அண்ணன். "நீ என்னமோ சொல்ல வந்த, அதுக்குள்ள லைன் போயிருச்சு. நீ திரும்பக் கூப்பிடுவன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். வண்டிக்காரனும் எவ்வளவு நேரம்தான் நிப்பான்? வேற வயலுக்குப் போயிட்டான். இப்ப மறுபடி ஊத்துது."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அண்ணியிடம் கொடுக்கச் சொன்னேன். விடிந்ததும் அண்ணனை எப்படியாவது வண்டியைப் பிடித்து வரச் சொல்லுங்கள், நீங்களே ஒரு பிடி அறுத்துவிட்டு உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினேன். அங்கே தகரத்தில் மழை விழும் சத்தம் போனில் கேட்டது.

"நான் தொடமாட்டேம்மா," என்றார் அண்ணி. "அன்னிக்கு வெள்ளம் ஊருக்கே வந்துச்சு. ஆனா இந்த வீட்டுல எல்லாரும் என் கையத்தான் பாத்தாங்க. இன்னொரு தடவை என்னால முடியாது."

என் கை ராசியான கை என்று ஒவ்வொரு அறுப்புக்கும் பேச்சு எழும்போது, பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தவர் இவர். அண்ணனிடம் கொடுங்கள் என்றேன்.

அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"கதிர் தண்ணியில படுத்துருச்சு. முளை விட்டா நெல்லு போச்சு, அதுக்கு ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள நீ வந்துருவ இல்ல?"

மலைப்பாதையில் ஒரு பஸ், டெல்லிக்கு ஒரு பஸ், பிறகு ரயில். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ரயிலில் நான்காம் நாள், விமானமே பிடித்தாலும் மூன்றாம் நாள்தான் ஊர் போய்ச் சேர முடியும்.

"வந்துடுறேண்ணே," என்றேன்.